தாய்வீட்டில் இருந்த கால்கள்

1. வராதவர்கள்

ஆய்வின் முடிவு நல்லதாக வந்த அன்றைக்குத்தான் எனக்குத் தலையிடி தொடங்கியது.

வேலைக்காலத்தில் பெரும்பகுதியை எலும்பு முறிவு வார்ட்டிலேயே கழித்த தாதி நான். இளைப்பாறுவதற்கு முந்திய சில வருடங்கள் என்னை வார்ட்டிலிருந்து எடுத்து ஆய்வு வேலைக்குப் போட்டார்கள். "உங்களுக்கென்ன, இனிக் கதிரையில இரிக்கிற வேலை" என்று மற்றத் தாதிமார் பொறாமைப்பட்டார்கள். அந்தக் கதிரையை நானும் தேடிப் பார்த்தேன். பஸ் சீட்டைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. பல நாட்கள் அதுவும் கிடைக்கவில்லை, நின்றுகொண்டுதான் போனேன்.

என்ன ஆய்வு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கால் எலும்பு முறிந்து, சதையையும் தோலையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் அதைத் திறந்த முறிவு என்போம். ஒபரேஷன் தியேட்டருக்கு எடுத்துக் காயத்தைக் கழுவி, எலும்பில் ஊசிகளை ஏற்றி, அவற்றைக் காலுக்கு வெளியே ஒரு சட்டத்தில் பூட்டிவிடுவோம். அதன் பெயர் ஃபிக்ஸேட்டர். நோயாளிகள் வெறுமனே கம்பி என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். வசதியான நாடுகளில் சில நாட்களிலேயே எலும்பின் நடுவில் ஆணி ஏற்றிக் காரியத்தை முடித்துவிடுவார்கள். எங்களிடம் அந்த ஆணி பெரும்பாலும் இருக்காது. கம்பியும் அளவோடுதான் இருக்கும். ஒருவருடைய காலிலிருந்து கழற்றினால்தான் அடுத்தவருடைய காலுக்குப் பூட்டலாம்.

அதனால் எங்கள் கேள்வி இதுதான். சில வாரங்களில் கம்பியைக் கழற்றிப் பிளாஸ்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாமா, இல்லை எலும்பு பொருந்தும்வரை கம்பி இருக்கத்தான் வேண்டுமா? ஆணி தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் எழுதிய புத்தகங்களில் இதற்குப் பதில் தேடி வேலையில்லை. நாமே பார்த்துவிடுவோம் என்று தொடங்கியவர் எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் சிவநேசன். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவர். கோபம் வராது. ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடவும் மாட்டார். கோபக்காரர்களோடு வேலை செய்வது இதைவிடச் சுகம் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

யாருக்குக் கம்பி, யாருக்குப் பிளாஸ்டர் என்று நாங்கள் தெரிவு செய்யக்கூடாது. ஒட்டிய கவரைத் திறந்தால் உள்ளே எது எழுதியிருக்கிறதோ அதுதான். இதை நோயாளிகளுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "அப்ப டொக்டருக்கே எது நல்லமெண்டு தெரியாதா?" என்று கேட்பார்கள். தெரியாது என்றால் பயப்படுவார்கள். கடைசியில் "கோயில்ல திருவுளச்சீட்டுப் போடுறம்தானே, அது மாதிரி" என்று சொன்ன பிறகுதான் விளங்கியது. டொக்டர் அதைக் கேட்டுவிட்டு, "பழிய சாமி மேல போட்டுட்டீங்களே மிஸ்" என்றார்.

கிளினிக்குக்கு வந்தவர்களைப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரேமாதிரிச் சுகம். பிளாஸ்டர் போட்டவர்களும் நன்றாகத்தான் நடந்தார்கள். கம்பியைக் கெதியாக, சில வாரங்களிலேயே, கழற்றலாம் என்பது முடிவானால் எங்கள் பஞ்சம் பாதி தீரும். வார்ட் கூட்டத்தில் சொல்லி எல்லாருக்கும் அதையே வழமையாக்கிவிடலாம். எனக்குச் சந்தோஷம். டொக்டர் மட்டும் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த வராதவங்க எல்லாம் எங்க மிஸ்?"

"சுகமாகியிருக்கும் சேர். ஆறு கடக்கும் மட்டும்தான் அண்ணன் தம்பி. நடக்கத் தொடங்கினா ஆருக்குக் கிளினிக் ஞாபகம் வரும்?"

"இருக்கலாம். ஆனா நாம பார்க்கலியே."

வராதவர்கள் ஒருவர் இருவர் அல்ல. ஆய்வில் சேரும்போது அவர்கள் தந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாக ஃபோன் கோல் எடுத்தேன். அநேகமாக மனைவிமார்தான் எடுத்தார்கள். அவர் நல்ல சுகம் மிஸ், வேலைக்குப் போயிற்றார் என்றார்கள். தன்னாமுனையிலும் அதே பதில், காத்தான்குடியிலும் அதே பதில். நான் எல்லாவற்றையும் கொண்டுபோய் டொக்டரிடம் வைத்தேன்.

"ஃபோன்ல எலும்பு தெரியாது மிஸ். போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார்.

2. லான்ட்மாஸ்டரில் முட்டையிட்ட கோழி

முதலில் தன்னாமுனைக்குப் போனேன். அது பஸ்ஸுக்கு வசதி. தேடிப்போன ஆளும் எனக்கு நன்றாக ஞாபகமிருந்தவர். பெயர் புவனேந்திரன். முப்பத்தைந்து வயது இருக்கும். லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெசினில் கூலிக்கு உழுகிறவர். வட்டை வயலுக்குள் வரம்பு ஏறும்போது மெசின் பிரண்டு அவருடைய காலை அமத்திவிட்டது. கொண்டுவந்தபோது எலும்பு எது, சேறு எது என்று தெரியவில்லை. தியேட்டரில் கழுவிக் கழுவித் தண்ணீர் தெளிந்து வர நெடுநேரம் ஆனது. கம்பி பூட்டிய பிறகு வார்ட்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். "மிஸ், இந்தக் கம்பியில உடுப்புக் காயப் போடலாமா?" என்று கேட்ட மனிசன். கவரில் பிளாஸ்டர் என்று வந்ததும், "பாத்தீங்களா, சாமி என்ட பக்கம்" என்றார். முதல் கிளினிக்குக்கு வந்தார். பிறகு ஆளைக் காணவில்லை.

வீடு நல்ல வீடு. புதிதாகப் பூச்சுப் பூசி, முன்னால் செவ்வரத்தை நட்டிருந்தது. அவருடைய மனைவி யோகராணி படலையடியிலேயே என்னை நிறுத்திவிட்டாள்.

"அவர் இல்ல மிஸ். வேலைக்குப் போயிற்றார். கால் நல்ல சுகம்."

"என்ன வேலை புள்ள?"

"உழவுதான். வட்டைக்குப் போயிரிக்கார்."

வளவின் ஓரத்தில் தறப்பாள் போட்டு மூடிய லான்ட்மாஸ்டர் நின்றது. தறப்பாளின் ஒரு மூலை விலகி, சீட்டில் வைக்கோல் போட்டு, அதன்மேல் ஒரு கோழி அடைகிடந்தது. நான் அதைப் பார்த்தேன். யோகராணியும் பார்த்தாள்.

"மெசின் இஞ்ச நிக்கிது. அப்ப என்னத்தால உழுறார், கையாலயா?"

 அவள் படலையைத் திறந்தாள். உள்ளே போய்க் கதிரையை இழுத்துப் போட்டு, நான் இருக்கும்வரை காத்திருந்து, பிறகு அழத் தொடங்கினாள்.

"நான் அனுப்பல்ல மிஸ். சத்தியமா நான் அனுப்பல்ல. பிளாஸ்டருக்குள்ள நோகுது எண்டு நித்திரையில்லாம கிடந்தார். மறுகா ஒருநாள் அவர்ட தங்கச்சிட புருஷன், மச்சான், ஓட்டோ கொண்டு வந்தார். இவர் தலகணியையும் எடுத்துக்கிட்டு ஏறிட்டார். தாய்வீட்ட போறன், சுகமாகினா வாறன் எண்டார்."

"ஏனாம்?"

"பொஞ்சாதிட வீட்டில படுத்துக்கிடந்து தின்ன ஏலாதாம்."

"நீ போய்ப் பாக்கல்லையா?"

"ரெண்டு தரம் போனன். நித்திரை எண்டு மச்சாள் வாசல்லயே சொல்லிட்டா. உள்ள விடல்ல. இஞ்ச ஊராக்கள் நான்தான் துரத்தினன் எண்டு கதைக்காங்க. அதான் ஆரு கேட்டாலும் வேலைக்குப் போயிற்றார் எண்டு சொல்லுறன்."

இதை வாசிக்கும் வெளியூர்க்காரருக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கிழக்குக் கரைப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. தாய் தகப்பன் வீட்டைக் கட்டி மகளுக்கு எழுதிக் கொடுப்பார்கள், கலியாணம் கட்டுகிறவன் அந்த வீட்டுக்கு வந்து சேருவான். தமிழரும் அப்படித்தான், முஸ்லிம்களும் அப்படித்தான். வந்த ஆண் உழைத்துக் கொடுக்கிறவரை அவன்தான் அந்த வீட்டின் துரை. உழைக்க முடியாமல் படுக்கையில் விழுந்தால் அவனுக்கு ஒரு கூச்சம் வந்துவிடும். யாரும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. தானாகவே எழும்பித் தாய்வீட்டுக்குப் போய்விடுவான். அந்தத் தாய்வீடும் அதற்குள் சகோதரிக்குச் சீதனமாகப் போயிருக்கும். அங்கே சகோதரியின் புருஷன் தன் பங்குக்குக் கூச்சப்பட்டுக்கொண்டு இருப்பான். சரியாகச் சொன்னால் எங்கள் ஆண்களுக்கு வீடு என்று ஒன்று கிடையாது, இரண்டு பெண்களின் வீடுதான் உண்டு.

எனக்கு இது தெரியாத சங்கதியா? என் தம்பி டெங்குக் காய்ச்சலுக்கு என் வீட்டில் வந்துதான் கிடந்தான். தெரிந்த சங்கதி என்பதாலேயே அது ஆய்வுக்குள் வரும் என்று நினைக்கவில்லை.

"தாய்வீடு எங்க?" என்றேன்.

"குருக்கள்மடம்."

நான் எழும்பினேன். அவளும் உள்ளே போய்ச் சீலையை மாற்றிக்கொண்டு, கிளினிக் கார்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். "நானும் வாறன் மிஸ். உங்களோட வந்தா உள்ள விடுவாங்க" என்றாள்.

3. குருக்கள்மடம்

தன்னாமுனையிலிருந்து பட்டணத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து கல்முனைப் பஸ். கல்லடிப் பாலம் தாண்டும்வரை அவள் கிளினிக் கார்டைச் சுருட்டிக்கொண்டே வந்தாள். காத்தான்குடியில் சனம் ஏறி நெருக்கியபோது, "கால் வெட்டுவாங்களா மிஸ்?" என்று கேட்டாள். பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன். டொக்டரின் பழக்கம் எனக்கும் ஒட்டிவிட்டது போல.

புவனேந்திரனின் தங்கை தேவி முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணன் நித்திரை."

"நித்திரை எண்டா நல்லம். எழுப்பிக் கேட்டா உண்மைதான் சொல்லுவார்" என்று சொல்லிக்கொண்டே நான் உள்ளே போனேன். ஆஸ்பத்திரி உடுப்போடு போவதில் இது ஒரு வசதி. தடுக்கிறவர்களுக்குக் கை அவ்வளவாக எழும்பாது.

பின்னறைக் கதவில் சாம்பிராணி வாசம் அடித்தது. பகலில், வெள்ளிக்கிழமையும் இல்லாத நாளில், எதற்குச் சாம்பிராணி என்று யோசித்தபடி கதவைத் தள்ளினேன். சாம்பிராணிக்குக் கீழே இருந்த அழுகல் மணம் எனக்குப் பழக்கமானது. வார்ட்டில் வேலை செய்தவர்களுக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிளாஸ்டர் இல்லை. உள்ளே ஊறலும் அரிப்பும் தாங்காமல் மச்சானைக் கொண்டு ஹக்சோ பிளேட்டால் வெட்டிக் கழற்றியிருந்தார்கள். இரண்டு பக்கமும் பலகைத் துண்டு வைத்துச் சீலைக் கிழிசலால் கட்டியிருந்தது. கட்டை அவிழ்த்தேன். முழங்காலுக்குக் கீழே கால் உள்ளுக்கு வளைந்திருந்தது. பழைய காயத்தில் ஒரு துவாரம், அதனால் சீழ். கையை வைத்தால் கால் கொதித்தது, நெற்றியும் கொதித்தது. வார்ட்டையே சிரிக்க வைத்த மனிசன் அரைவாசியாகியிருந்தார்.

"மிஸ், நீங்க ஏன் இஞ்ச?"

"உன்னப் பாக்க ஆரு வந்த? உன்ட காலப் பாக்கத்தான் வந்தன் மனே. அதுதான் எங்கட ஆய்வில இரிக்கி, நீ இல்ல."

கொஞ்சம் சிரித்தார். பிறகு, "வெட்டுவீங்களா?" என்றார்.

"வெட்டாம வைக்கப் பாக்கலாம். இண்டைக்கு வந்தா. இன்னும் இப்படியே கிடந்தா நான் ஒரு சத்தியமும் பண்ண ஏலா."

"கிளினிக்குக்கு வந்தா வெட்டிப்போடுவாங்க எண்டுதான் வரல்ல. கார்டும் அங்க கிடக்குது. பிளாஸ்டரக் கழட்டினதுக்கும் ஏசுவீங்க."

"ஏசுவன்தான். பிறகு ஏசுறன். இப்ப எழும்பு."

அப்போதுதான் என் பின்னால் நின்ற யோகராணியை அவர் கண்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இவள ஏன் கூட்டிவந்த நீங்க? நான் வரல்ல மிஸ். ஆஸ்பத்திரிக்குப் போனா மறுகா எங்க போற? இந்தக் காலோட அங்க போய்க் கிடக்க ஏலா. சுகமாகினா நானே போவன்."

எனக்கு நாக்கு நுனிவரை ஏச்சு வந்தது. நோயாளிகளை ஏசுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் அதற்கு முதல் யோகராணி கட்டிலின் மற்றப் பக்கம் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

"வீடு ஆர்ட பேரில இரிக்கி?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க. ஆர்ட பேரில?"

"உன்ட பேரில."

"என்ட வீடெண்டா அங்க ஆரு படுக்கிற, ஆரு எழும்புற எண்டு நான்தான் சொல்லோணும். நீங்க ஆரு சொல்ல? கால் வளைஞ்சா வளைஞ்ச காலோட வாங்க. இல்லையெண்டா இல்லாம வாங்க. ஊருக்குப் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு ஏலாமப் போச்சு."

 தேவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மச்சாள உள்ள விடாத எண்டு அண்ணன்தான் என்னட்டச் சத்தியம் வாங்கினார்" என்றாள். அதுவரை முற்றத்தில் நின்ற அவளுடைய புருஷன் படலையைத் திறந்துகொண்டு றோட்டுக்குப் போனார். ஓட்டோவின் சத்தம் கேட்டபோதுதான் எதற்குப் போனார் என்று விளங்கியது.

4. யாரைப் பார்த்தோம்

டொக்டர் அன்று மத்தியானமே காயத்தைத் திறந்து கழுவினார். செத்த எலும்பை எடுத்து, திரும்பவும் கம்பி பூட்டினார். கால் தப்புமா என்று கேட்டேன். "இப்ப சொல்ல முடியாது" என்றார். அதைத்தான் சொல்வார் என்று தெரிந்தே கேட்டேன்.

மறுநாள் அறையில் என்னை இருக்கச் சொல்லிக் கேட்டார்.

"அவர் ஏன் மிஸ் அம்மா வீட்டுக்குப் போனாரு? சண்டையா?"

சண்டை இல்லை, வழக்கம் என்று விளங்கப்படுத்தினேன். அவர் ஆச்சரியப்பட்டார். "எங்க பக்கம் பொண்ணுதான் மாப்பிள்ள வீட்டுக்கு வரும். ஆம்பள படுத்தா தோட்டத்து லயத்துல அதே அறையிலதான் படுத்துக் கெடக்கணும். ஓடிப் போக வேற வீடே இல்ல" என்றார். பிறகு நீண்ட நேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப நாம பார்த்தது யார மிஸ்? கால் நல்லாயிருந்ததால மனைவி வீட்டுலயே இருந்தவங்கள. அவங்கதான் கிளினிக்குக்கு வந்தாங்க. நல்லாயில்லாதவங்க அம்மா வீட்டுல. நாம சுகத்த மட்டும் எண்ணிட்டு இருந்திருக்கோம்."

நான் தேடிப் போகாமல் விட்டிருந்தால் அடுத்த வார்ட் கூட்டத்தில் எல்லாருடைய கம்பியையும் கெதியாகக் கழற்றுவோம் என்று முடிவெடுத்திருப்போம். அதன் பிறகு எத்தனை பின்னறையில் சாம்பிராணி எரிந்திருக்கும்?

அன்றிலிருந்து மனைவிமாரிடம் சுகமா என்று கேட்பதை விட்டுவிட்டேன். "அவர்ட தாய்வீடு எங்க புள்ள?" என்று மட்டும் கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல யாரும் ஆயத்தமாக இல்லை. சிலர் உடனே அழுதார்கள். காத்தான்குடித் தையல்காரர் ஒருவரை ஏறாவூரில், ராத்தா என்று அவர் சொல்லும் அக்காவின் வீட்டில் கண்டுபிடித்தேன். "உம்மா மௌத்தாகினாலும் உம்மாட வீடு உம்மாட வீடுதான் மிஸ்" என்றார். கடலோரம், வாவிக்கரை, வாவிக்கு அப்பால் படுவான்கரை என்று எல்லாத் திசையிலும் அலைந்தேன். முழங்காலுக்கு எண்ணெய் பூசுவது என் வீட்டில் அன்றாட வேலையாகியது.

படுவான்கரையில் கொத்துவேலை செய்யும் ஒரு மேசனிடம் நான் போய்ச் சேர்ந்தபோது கால் கறுத்திருந்தது. உயிரைக் காப்பாற்றக் காலை எடுக்கவேண்டி வந்தது. கொஞ்சம் முந்தித் தேடத் தொடங்கியிருந்தால் என்று நினைத்து அன்று பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பொம்பிளை செத்த வீட்டுக்குப் போய்வாறீங்களா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

கூட்டத்தில் முடிவைச் சொன்னபோது இன்னொரு பெரிய டொக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மிஸ், நீங்க வீடு வீடாப் போய் வருத்தக்காரரையே பொறுக்கிக்கொண்டு வந்தா முடிவு அப்படித்தான் வரும்" என்றார். நியாயமான சந்தேகம். அதற்கு டொக்டர் சிவநேசன்தான் பதில் சொன்னார்.

"மிஸ் ரெண்டு சீட்டுக்காரங்களையும்தான் தேடினாங்க. கம்பியோட இருந்தவங்களும் அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க. அவங்க கால் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு. காயம் வெளிய தெரியுது, கழுவ முடியுது. பிளாஸ்டருக்குள்ள போன கால்தான் கெட்டிருக்கு. அதுலயும் சேறு பட்ட காயம்."

"அப்ப கம்பிக்கு எங்க போறது?" என்றார் பெரிய டொக்டர்.

 நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, வட்டைச் சேறு பட்ட காயங்களுக்கு எலும்பு பொருந்தும்வரை கம்பி, சுத்தமான காயங்களுக்கு மட்டும் பிளாஸ்டர் என்று தீர்மானித்தார்கள். பஞ்சம் தீரவில்லை. ஆனால் கம்பி கேட்டு மேலிடத்துக்கு எழுதும்போது சும்மா வேணும் என்று எழுதாமல், ஏன் வேணும் என்று எழுத முடிந்தது. தாமதமாகத்தான் என்றாலும் கொஞ்சம் வந்து சேர்ந்தது.

ஆய்வில் ஒருவரைச் சேர்க்கும்போது விலாசத்தோடு தாய்வீட்டு விலாசமும் கேட்பது அதன் பிறகு எங்களுக்கு வழக்கமாகியது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் இது எதற்கு என்று கேட்டார். டொக்டர் என்னைப் பார்த்தார். அது பெரிய கதை சேர், தேத்தண்ணி குடிச்சிற்றுச் சொல்றன் என்றேன்.

5. எழும்பி நடந்தவர்

இந்த வேலைக்கு வரும் தாதிமாருக்கு நான் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. ஆய்வு என்றால் வெளிநாட்டுப் பாஷை, பெரிய கணக்கு என்று பயப்பட வேண்டாம். கணக்குப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் வேலை, உங்கள் முன்னால் வந்து இருப்பவரோடு நின்றுவிடாமல் வராதவரைத் தேடிப் போவது. வராதவர் சுகமானவர் என்று ஒருநாளும் எழுதாதீர்கள். மனிசர் சுகத்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள், வருத்தத்தை ஒளிப்பார்கள். எங்கே ஒளிப்பார்கள் என்பது ஊருக்கு ஊர் வேறு. உங்கள் ஊரில் எங்கே என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதை ஹட்டனிலோ வெளிநாட்டிலோ இருந்து யாரும் எழுதித் தரப்போவதில்லை.

புவனேந்திரனுக்குப் பிறகும் இரண்டு மூன்று தரம் தியேட்டர். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்தார்கள். கம்பியோடு தன்னாமுனையில்தான் கிடந்தார். ஊசிகளைச் சுற்றிக் கழுவிவிடும் முறையை யோகராணிக்கு நான் காட்டிக் கொடுத்தேன். ஒரு தாதி செய்வதைவிடப் பொறுமையாகச் செய்தாள் என்று சொன்னால் என்னுடைய ஆட்கள் கோபிப்பார்கள்.

கடைசியாகக் கம்பியைக் கழற்றிச் சில மாதங்களுக்குப் பிறகு, நான் இளைப்பாறுவதற்குச் சற்று முந்தி, ஒரு கிளினிக் நாள். டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். எலும்பு பொருந்தியிருந்தது. கால் கொஞ்சம் கட்டை, அவ்வளவுதான்.

"கோல் இல்லாம அந்தச் சுவர் வரைக்கும் நடங்க பார்ப்போம்" என்றார்.

யோகராணி வாங்குப் பலகையில் இருந்தாள். புவனேந்திரன் கோலை என்னிடம் தந்துவிட்டு நடந்தார். பாதித் தூரத்தில் காலை இழுத்துவிட்டது. ஒரு பக்கமாகச் சரிந்து மேசையைப் பிடித்துக்கொண்டார். நான் ஓடப் போனேன். டொக்டர் கையை நீட்டி என்னை மறித்தார். புவனேந்திரன் திரும்பி வாங்கைப் பார்த்தார். அவள் எழும்பவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேசையை விட்டு, சுவர்வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினார்.

கோலைக் கொடுக்கும்போது, "பயந்திட்டியா மனே?" என்றேன்.

"இல்ல மிஸ்" என்றார். "முந்தியெண்டா அவள் பாத்திட்டாள் எண்டு செத்திருப்பன். இப்ப அவளுக்கு முன்னால விழுந்து எழும்பப் பழகிற்றன்."